காய்ச்சலும் கூலியும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவ வரலாறு

கோலாலம்பூரின் பிறப்பையும் காய்ச்சலையும் பிரித்துச் சொல்ல முடியாது. 1857-இல் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா ஈயம் தேடி அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் படகைவிட்டு இறங்கி அம்பாங் காட்டுக்குள் நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேரைக் காட்டுக் காய்ச்சல் கொண்டுபோனது. அப்துல்லா மேலும் ஆள் அனுப்பினார், ஈயமும் கிடைத்தது. செத்த ஆளுக்குப் பதில் ஆள் அனுப்பித் தொழிலை நடத்தும் இந்தக் கணக்கு, அடுத்த எழுபது எண்பது ஆண்டுகள் பள்ளத்தாக்கு முழுவதிலும் நீடித்தது. ஈயச் சுரங்கத்தில் சீனர் இருந்த இடத்தில், இரயில் பாதையிலும் காப்பி, ரப்பர் தோட்டங்களிலும் தமிழர் வந்து நின்றார்கள்.

1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைத்து இரயில் ஓடத் தொடங்கியது. பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். 1881-இன் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்த பிறகு நகரத்தைச் செங்கல்லால் கட்டும் வேலை நடந்தது. அதற்காகக் களிமண் தோண்டிச் சூளை போட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். அங்கே இரயில்வே பட்டறையும் ஊழியர் குடியிருப்பும் எழுந்தன. தமிழ்நாட்டுத் தொழிலாளர்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் மருத்துவமனை உதவியாளர்களும் அந்த வட்டாரத்தில் குடியேறினார்கள். விவேகானந்தா ஆசிரமமும் ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உருவாயின.

பிரிக்பீல்ட்ஸின் ஓரத்தில் ஓடும் டிராவர்ஸ் சாலையில் தினமும் போய்வருபவர்களில் அந்தப் பெயருக்கு உரியவரை அறிந்தவர்கள் குறைவு. எர்னஸ்ட் டிராவர்ஸ் சிலாங்கூர் மாநிலத்தின் தலைமை அரசு மருத்துவராக இருந்தவர். கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவ வரலாற்றில் இரண்டு பெரிய திருப்பங்களில் அவர் பங்கு உண்டு. ஒன்று மலேரியா, மற்றது தொழுநோய். அவர் பணியில் இருந்த காலத்தில், 1900-இல், பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜெனரலான பிராங்க் சுவெட்டன்ஹாம் கோலாலம்பூரில் ஒரு நோய்க்கூறு ஆய்வகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே அது மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் மாறியது. ஆசியாவின் வெப்ப மண்டல நோய்களை ஆராயவென்றே அமைந்த பழைய நிறுவனங்களில் அதுவும் ஒன்று. ஆராய்ச்சிக்கு அரசு பணம் ஒதுக்கியதன் காரணம் வெளிப்படையானது. தொழிலாளர்கள் செத்துக்கொண்டிருந்தால் ஈயமும் ரப்பரும் கப்பலேறாது. நோக்கம் வணிகமாக இருந்தபோதும், அங்கே செய்யப்பட்ட அறிவியல் உண்மையான அறிவியல்.

முதல் சோதனை கிள்ளானில் வந்தது. 1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் மாவட்ட மருத்துவராக அங்கே பொறுப்பேற்றார். நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர். வீடுகளுக்கு நடுவிலேயே சதுப்பு நிலம். ஊரைச் சுற்றிக் காடு. மருத்துவமனையில் காய்ச்சல்காரர்களுக்குப் படுக்க இடமில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 15-இல், சில கல் தொலைவில், அலையாத்திக் காட்டை வெட்டி அமைத்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுதான். இரயில்வே ஊழியர்களும் கப்பல் கூலிகளும் போலீஸ்காரர்களும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் விழ, இரண்டு மாதங்களுக்குள் துறைமுகத்தையே மூடும் நிலை வந்தது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1897 ஆகஸ்ட் 20-இல், செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். ராஸைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அல்மோராவில் பிறந்து, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் வேலை செய்தவர் அவர். எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசையை அடக்கித் தந்தையின் விருப்பத்துக்காக மருத்துவம் படித்தார். கவிதையும் நாவலும் எழுதினார், இசையமைத்தார், கணிதத்தில் மூழ்கினார். கொசு எண்ணிக்கைக்கும் நோய்ப் பரவலுக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதத் துணிந்தது அந்தப் பல துறை மனம்தான். கொசு முழுவதையும் ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் நின்றுவிடும் என்ற அவருடைய வாதத்தைப் பலர் நம்பவில்லை. அதை ஓர் ஊர் அளவில் மெய்ப்பித்த முதல் இடங்களில் கிள்ளான் ஒன்று.

வாட்சன் முதலில் கொயினா மாத்திரையைத்தான் நினைத்தார். மழைக்கால ஈரத்தையும் ஊருக்குள்ளேயே தேங்கிய நீரையும் பார்த்த பிறகு, மாத்திரையால் மட்டும் இது தீராது என்று கண்டார். சதுப்பை வடித்துக் காட்டை அகற்றுவதற்கான திட்டத்தை அவர் முன்வைக்க, டிராவர்ஸ் அதற்கு அரசிடம் பணம் வாங்கிக் கொடுத்தார். வாய்க்கால் வெட்டினார்கள், பள்ளங்களை மண்ணிட்டு மேவினார்கள், ஊர் எல்லையில் இருந்த காட்டைச் சாய்த்தார்கள். துறைமுகத்தில் கடல்நீர் புகாமல் கரை கட்டினார்கள். கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1901-இல் 334 பேர். அது 1902-இல் 129 ஆகவும் 1903-இல் 48 ஆகவும் குறைந்தது. துறைமுகத்தில் 188 ஆக இருந்த எண்ணிக்கை அதே ஆண்டுகளில் 70 ஆகவும் 21 ஆகவும் இறங்கியது. பணி நடக்காத சுற்றுப்புறங்களில் காய்ச்சல் குறையவில்லை. நோய் குறைந்தது வாய்க்காலால்தான், காலநிலையால் அன்று என்பதற்கு அந்த ஒப்பீடே சான்று.

நகரம் பிழைத்தது. மாவட்டத்தின் பெரும்பான்மை உழைப்பாளிகளோ நகரத்தில் இல்லை. ரப்பர் தோட்டங்களில் இருந்தார்கள். ரப்பர் விலை ஏற ஏறக் காடு வெட்டப்பட்டது. கங்காணிகள் சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு மாவட்டங்களுக்குப் போய் ஆள் பிடித்து வந்தார்கள். 1907-இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டித் தொழிலாளியின் கப்பல் கட்டணத்தைக் கொடுத்தது. வந்தவர்கள் இறங்கிய இடம் புதிதாக வெட்டிய காட்டின் ஓரத்து லயம் என்ற வரிசைக் குடியிருப்பு. 1911-இல் கூட்டு மலாய் மாநிலத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் மரணம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டியது. வேலை செய்யும் வயதுக்காரர்கள் மிகுந்த ஒரு கூட்டத்தில், போரோ பஞ்சமோ இல்லாத காலத்தில், இப்படியொரு சாவு விகிதத்தை வேறெந்தப் பெயரிட்டு மறைக்க முடியும்?

வாட்சன் அரசுப் பணியை விட்டு விலகித் தோட்டங்களின் மருத்துவரானார். அவருடைய ஆராய்ச்சி முறை எளியது. தோட்டக் குழந்தைகளின் வயிற்றில் கைவைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். திரும்பத் திரும்ப மலேரியா வந்த பிள்ளைக்கு மண்ணீரல் விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும். எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி என்று எண்ணி, ஒவ்வொரு லயமும் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, இரண்டையும் எதிரெதிரே வைத்தார். ஆயிரக்கணக்கான தமிழ்க் குழந்தைகளின் வீங்கிய வயிறுகளிலிருந்துதான் மலாயாவின் மலேரியா வரைபடம் பிறந்தது.

அந்த வரைபடம் ஒரு புதிரை முன்வைத்தது. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி வாய்க்கால் எடுத்தால் மலேரியா மறைந்தது. மலைச்சரிவுத் தோட்டங்களில் அதையே செய்தால் காய்ச்சல் முன்னைவிடக் கூடியது. காரணம் கொசு இனம். சமவெளியின் அனோபிலிஸ் அம்புரோசஸ் நிழல் படிந்த காட்டு நீரில் முட்டையிடும். காடு போனால் அதுவும் போகும். மலையோரத்து அனோபிலிஸ் மாகுலேட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடைநீரை விரும்பும். காட்டை வெட்டுகிறவன் அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறான். ஆகவே எல்லாக் கொசுவையும் ஒரே விதமாகத் தாக்கக் கூடாது, நோய் பரப்பும் இனம் எது, அதன் பழக்கம் என்ன என்று அறிந்து அதை மட்டும் தாக்க வேண்டும் என்ற கொள்கை உருவானது. மலைப்பகுதிகளில் ஓடைநீர் வெயிலில் படாதபடி மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்தார்கள். நீரின் மேல் மண்ணெண்ணெய் கலந்த எண்ணெய் தெளித்தார்கள். எண்ணெய்ச் சட்டியை முதுகில் சுமந்து வாரந்தோறும் ஓடையோரம் நடந்தவர்களும், குழாய் பதிக்கக் குழி வெட்டியவர்களும் அதே தமிழ்த் தொழிலாளர்கள். 1911-இல் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது. வாட்சனின் நூல் ராஸின் முன்னுரையோடு வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்டது. 1924-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

மலேரியாவுக்கு அடுத்து அந்தக் காலத்தின் பெரிய கொலைகாரன் பெரிபெரி. கால் மரத்து, வீங்கி, நடக்க முடியாமல், கடைசியில் இதயம் நின்று சாகும் நோய். சுரங்கங்களிலும் சிறைகளிலும் அது சீனத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. பக்கத்துத் தோட்டத்துத் தமிழர்களையோ, தாங்களே நெல் குத்தி உண்ட மலாய்க் கிராமத்தாரையோ அது அநேகமாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடன் இந்த வேறுபாட்டைப் பல ஆண்டுகள் கவனித்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது ஊரிலிருந்து மூட்டையில் வந்த புழுங்கல் அரிசி. நோய்க்குக் காரணம் அரிசிதான் என்று 1907-இல் வெளிவந்த தம் நூலில் பிராடன் வாதிட்டார். பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் நினைப்பு. விளக்கம் தவறு, சுட்டிய இடம் சரி.

ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் பெரிபெரியைத் தொற்றுநோய் என்றே நம்பினார். கோலாலம்பூரில் பணிசெய்த மருத்துவர் வில்லியம் பிளெட்சரும் பிராடனை நம்பவில்லை. அவரை மறுக்கும் எண்ணத்தோடு 1905-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு சோதனை தொடங்கினார். விடுதியில் இருந்தவர்களை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சயாம் பச்சரிசியும் மறு பாதிக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் நோய் பரவி 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில், நோயோடு வந்து சேர்ந்த ஓரிருவரைத் தவிர எவருக்கும் அது வரவில்லை. தம் கருத்துக்கு எதிராக வந்த முடிவை பிளெட்சர் மறைக்காமல் 1907-இல் வெளியிட்டார்; அந்த நேர்மைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பதினெட்டுப் பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் மறுக்கும் நிலையில் அவர்கள் இல்லை. அக்கால மருத்துவம் அதை ஒரு கேள்வியாகவே எண்ணவில்லை.

ஹென்றி பிரேசரும் ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டாண்டனும் அதன் பிறகு நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் அதே சோதனையைச் செய்தார்கள். இம்முறை இரு பிரிவினரின் அரிசியையும் இடையில் மாற்றிப் பார்த்தார்கள். நோயும் அரிசியோடு இடம் மாறியது. கோழிகளிடம் செய்த ஆய்வில், தீட்டும்போது தவிடாகப் போகும் பகுதியில்தான் உடலுக்கு வேண்டிய பொருள் இருக்கிறது என்று காட்டினார்கள். நெல்லை ஊறவைத்து உமியோடு வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது போவதில்லை. இந்த வேதியியல் தெளிவானது 1926-இல் ஜாவாவில் தயமின் பிரித்தெடுக்கப்பட்ட பிறகுதான். தமிழ்நாட்டுப் பெண்கள் அடுப்படியில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை, வைட்டமின் என்ற கருத்து உருவாகத் துணைநின்ற சான்றுகளில் ஒன்று என்பதை மருத்துவ வரலாற்று நூல்கள் இன்னும் உரக்கச் சொல்லவில்லை.

1920-களில் கழகம் வேறொரு காய்ச்சலைத் துரத்தியது. பிளெட்சரும் லெஸ்லரும் கோலாலம்பூர் வட்டாரத்து டைபஸ் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, அது ஒரே நோய் அன்று, இரண்டு என்று கண்டார்கள். ஒன்று கடைத்தெருவில் எலி உள்ள இடங்களில் வருவது. மற்றது லாலாங் புல்லும் புதரும் மண்டிய தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு வருவது. இங்கிலாந்திலிருந்து கிங்ஸ்பரி கொண்டுவந்த ஒரு நுண்ணுயிர் வகை, மற்றவற்றைப் போலன்றித் தோட்டத்து நோயாளிகளின் இரத்தத்தோடு மட்டும் வினைபுரிந்தது. தற்செயலாகக் கிடைத்த அந்த வகை, பிறகு உலகெங்கும் அந்தத் தோட்டத்து நோயான புதர்க்காய்ச்சலை அடையாளம் காணும் சோதனையானது. 1930-களில் லூத்வெயிட்டும், இந்தியரான எஸ். ஆர். சாவூரும் சேர்ந்து அந்தப் புதர்க்காய்ச்சலும் ஜப்பானின் சுட்சுகாமுஷி நோயும் ஒன்றே என்று நிறுவினார்கள். கழகத்தின் முதன்மை ஆய்வுகளில் ஓர் இந்தியர் பெயர் ஆசிரியராக இடம்பெற்றது அந்தக் காலத்தில் அரிது. அதுவரை இந்தியர்கள் அங்கே பெரும்பாலும் உதவியாளர்கள், அல்லது நோயாளிகள்.

டிராவர்ஸ் மீண்டும் கதைக்குள் வருவது இந்தக் காலத்தில்தான். அரசுப் பணியை விட்டுத் தனி மருத்துவராக இருந்த அவர், 1920-களில் செத்தாப்பாக்கில் இருந்த தொழுநோயாளர் விடுதியின் பொறுப்பை ஏற்றார். விடுதி என்பது பெயருக்குத்தான். சிறையைப் போலத்தான் அது நடந்தது. 1926-இன் சட்டம் தொழுநோயாளர்களைக் கட்டாயமாகப் பிரித்துவைக்கச் சொன்னது. பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் மனிதர் வாழும் இடமாகவாவது அது இருக்கட்டும் என்பது டிராவர்ஸின் நிலைப்பாடு. 1930-இல் சுங்கை பூலோவில், ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பள்ளத்தாக்கில் புதிய குடியிருப்பு திறந்தது. நீண்ட வார்டுகளுக்குப் பதில் தோட்டத்தோடு கூடிய சிறு வீடுகள். பள்ளிக்கூடம், சந்தை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விளையாட்டுத் திடல், சொந்த இசைக்குழு, நாடக மேடை. நோயாளர்களே காவலர்களாகவும் ஆசிரியர்களாகவும் மருத்துவ உதவியாளர்களாகவும் வேலை செய்தார்கள். பள்ளத்தாக்குக்குள் மட்டும் செல்லும் தனிப் பணத்தாளும் இருந்தது.

மருந்து என்று சொல்லத்தக்கது ஹிட்னோகார்பஸ் எண்ணெய் ஊசி ஒன்றே. வலி மிகுந்தது, பலன் குறைந்தது. அந்நிலையில் இசையும் நாடகமும் பந்தாட்டமும் சிகிச்சையின் பகுதியாகவே கருதப்பட்டன. ஊர் ஒதுக்கிய ஒருவர் கையில் வாத்தியத்தோடு ஒரு குழுவில் உட்காரும்போது அவருக்குத் திரும்பக் கிடைப்பது என்ன என்பதை அங்கே பொறுப்பில் இருந்தவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆயினும் அந்த அழகிய பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து வெளியே அனுப்பினார்கள். பலர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். மனிதநேயத்தோடு கட்டிய இடத்திலும் சட்டத்தின் கொடுமை முழுதாக நீங்கவில்லை.

இசை இந்தப் பள்ளத்தாக்கின் தமிழர்களைச் சேர்த்த அளவுக்குப் பிரித்தும் காட்டியது. பிரிக்பீல்ட்ஸில் கருநாடக இசை கற்பிக்கும் சங்கீத அபிவிருத்தி சபா போன்ற அமைப்புகளை வளர்த்தவர்கள் இரயில்வே, மருத்துவமனை, அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த நடுத்தர வகுப்பினர். கிள்ளான் தோட்டங்களில் ஒலித்தது மாரியம்மன் திருவிழாவின் உறுமியும் பறையும். தோட்ட மருந்தகத்து உதவியாளரான டிரெசரும் எழுத்தரான கிராணியும் ஒரு பக்கம், பால்வெட்டும் தொழிலாளி மறுபக்கம் என்ற பிளவு இசையில் மட்டும் இல்லை; மருந்துக்கு வரிசையில் நிற்கும் இடத்திலும் இருந்தது.

சட்டங்கள் மெல்ல வந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. 1912-இன் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் மருத்துவ வசதியைக் கடமையாக்கியது. 1922-இல் இந்தியா இயற்றிய குடியகல்வுச் சட்டத்துக்குப் பிறகு, இந்திய அரசின் முகவர் ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்து, கூலி, மரணம், மருத்துவமனை, கள்ளுக்கடை என்று ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. மரண விகிதம் இறங்கியது. அதற்கு வாட்சனின் குழாய்களோடு இந்தச் சட்டங்களும் காரணம். ஆனால் சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு தோட்டத் துரையின் கையிலேயே இருந்தது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் கூலி சரிந்தது. ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மலாயா மத்திய இந்தியர் சங்கம் 1936-இல் தோன்றியது. இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி வந்து பார்த்து எழுதிய அறிக்கை 1937-இல் வெளியானது. 1938-இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர் குடியகல்வை நிறுத்தியது.

1941-இல் கிள்ளான் எழுந்தது. தமிழ் நேசன் இதழில் உதவி ஆசிரியராக இருந்த ஆர். எச். நாதனும் ஒய். கே. மேனனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியே தொழிலாளர்களைத் திரட்டினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் வேலைநிறுத்தம் பரவியது. கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு முதலிடம் பெற்றது. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கேட்டார்கள். அதே பட்டியலில் முறையான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் துரைமாரும் ஊழியர்களும் நடத்தும் அத்துமீறல்களுக்கு முடிவு, வேலை நேரக் குறைப்பு, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை, துரையின் முன் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை ஆகியனவும் இருந்தன. மருந்தும் மானமும் ஒரே தாளில் எழுதப்பட்ட அந்தப் பட்டியல், மலாயாத் தமிழரின் வரலாற்றில் மிக முக்கியமான ஆவணங்களில் ஒன்று. கொசுவைக் குறைத்தால் மலேரியா குறையும் என்று வாட்சன் கிள்ளானில் காட்டி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அறிவு லயத்து வாசல்வரை வர, கேட்கும் உரிமையும் வேண்டும் என்பதைத் தொழிலாளர்கள் சொன்னார்கள்.

மே 6-இல் நாதன் கைதானார், பிறகு நாடுகடத்தப்பட்டார். கைதை எதிர்த்து வேலைநிறுத்தம் மேலும் பரவ, மே மாத நடுவில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அந்த ஆண்டின் முடிவில் ஜப்பானியர் வந்தார்கள். அவர்கள் போட்ட சயாம் மரண இரயில் பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டார்கள். வாந்திபேதி, மலேரியா, சீழ்ப்புண் ஆகியவற்றோடு, தீட்டிய அரிசி உணவால் பெரிபெரியும் அந்த முகாம்களில் திரும்பி வந்தது. காரணமும் தடுப்பும் கோலாலம்பூரில் தெளிவாகி முப்பது ஆண்டுகள் கழித்து நடந்தது அது.

போருக்குப் பிந்திய கழகம் மற்றொரு பெரிய வெற்றி கண்டது. 1948-இல் ஜோசப் ஸ்மேடல், தியோடர் உட்வர்ட் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் குளோராம்பெனிகால் என்ற புதிய மருந்தோடு கோலாலம்பூர் வந்தார்கள். புதர்க்காய்ச்சல் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது ஏறத்தாழ ஒரே நாளில் காய்ச்சல் தணிந்தது. புதர்க்காய்ச்சல் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்ட ஒருவருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு, அவரும் குணமானார். டைபாய்டுக்கு உலகில் முதன்முதலாக நல்ல மருந்து கிடைத்த இடம் அப்படிக் கோலாலம்பூர் ஆனது. புதர்க்காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணிகளைப் பற்றி ரால்ப் ஆடியின் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் வளர்ந்த எம். நட்சத்திரம், தென்கிழக்காசியச் சிற்றுண்ணிகளைப் பற்றி உலகம் கேட்டு நடக்கும் வல்லுநரானார். ஏ. ஏ. சந்தோசம் 1959-இல் மலாயாவின் மலேரியா பற்றி எழுதிய நூல் அந்தத் துறையின் பாடநூலாக விளங்கியது. வீங்கிய மண்ணீரலோடு வரிசையில் நின்ற சமூகத்திலிருந்து, அந்த நோயையே ஆராயும் அறிஞர்கள் வரச் சுமார் ஐம்பது ஆண்டுகள் ஆயின.

சுங்கை பூலோவும் ஆராய்ச்சி நிலையமாக மாறியது. தொழுநோய்க்கு டாப்சோன் வந்த பிறகு, அந்த மருந்துக்கும் கிருமி பழகிவிடுகிறது என்று 1964-இல் பெட்டிட்டும் ரீஸும் அங்கிருந்த நோயாளர்களிடம் முதன்முதலில் நிறுவினார்கள். 1970-இல் ரிஃபாம்பிசின் ஆற்றலைக் காட்டிய ஆரம்ப ஆய்வுகளிலும் சுங்கை பூலோவின் பங்கு உண்டு. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் இன்றைய முறைக்கு அந்தக் கண்டுபிடிப்புகள் வழிவகுத்தன. குணமடைந்த பலர் வெளியே போகாமல் அங்கேயே தங்கிப் பூச்செடி நாற்றுப் பண்ணை வைத்தார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் இன்றும் செடி வாங்கப் போவது அங்கேதான். 2007-இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதி, ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. முதிய குடியிருப்பாளர்களும் வரலாற்று ஆர்வலர்களும் அதை எதிர்த்தார்கள். எஞ்சிய பகுதியைக் காக்க வேண்டும் என்ற அவர்களின் முயற்சியால், 2019-இல் அது யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இன்று பிரிக்பீல்ட்ஸில் எல்லா இனத்தாருக்கும் இசையும் நடனமும் கற்பிக்கிறது. மறுபக்கம், கிள்ளான் தோட்டங்கள் பலவும் வீட்டுமனைகளாயின. அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் நகரின் ஓரங்களில் குடியேறின. தோட்டங்களில் இப்போது வேலை செய்பவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் மிகுதி.

2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகை இன்னும் இருக்கிறது. அது பெரும்பாலும் தாக்குவது காட்டோரத்திலும் தோட்டங்களிலும் வேலை செய்பவர்களை.